இரும்புக்கும் பாடும் மெஷின்

பிப்ரவரி 5, செவ்வாய்

என் கடையில் கயிறு இன்று நன்றாக விற்றது. கயிறு விற்றால் தங்கக் குழிகள் ஆழமாகின்றன என்று பொருள். எனக்கு லாபம்தான். ஆனால் வாங்கியவர்களில் என் தம்பி லான்சினேயும் ஒருவன்.

"இன்னும் எவ்வளவு ஆழம்டா?"

"தங்கம் இருக்கிற வரைக்கும், அக்கா."

போன மழைக்குக் குழி சரிந்து அவனுடைய கூட்டாளி உள்ளேயே செத்துப்போனான். அந்தக் குழியை மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தோண்டுகிறார்கள். அடுத்த மழைக்குள் இவனை மேலே கொண்டுவர வேண்டும். மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். மேலே நடந்துகொண்டே தேடலாம். மண் தலையில் விழாது.

"தங்கத்தை எடுத்துக் கொடுக்கிற மெஷினா வாங்கிக் குடு, குழிய விட்டுடறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொன்னது சொன்னதுதானே?

பிப்ரவரி 8, வெள்ளி

மெஷின் வைத்திருப்பவர்களை விசாரித்தேன். எவனுக்கும் தன் மெஷின்தான் உசத்தி. இல்லாதவர்களுக்கு எல்லா மெஷினும் ஏமாற்று. பாத்திரம் வாங்க வருகிறவர்களைப் போலத்தான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

சிகிரி சந்தைக்குப் போனேன். மெஷின் விற்கும் ஊரி என்ற ஃபுலானி இனத்துக்காரன் கடை. இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தான். ஒன்று லேசானது, சின்னத் திரை இருக்கிறது, இரும்பு என்றால் வாயைத் திறக்காதாம். இன்னொன்று கனம். திரை இல்லை, பேட்டரியை முதுகில் சுமக்க வேண்டும். இரும்பு, தகரம், தங்கம் எல்லாவற்றுக்கும் பாடும். விலையும் கூட.

காதில் கிடந்த தங்க வளையத்தைக் கழற்றித் தரையில் போட்டேன். லேசான மெஷின் குயில் மாதிரி கூவியது. அதைக் கட்டச் சொன்னேன்.

ஊரி கட்டவில்லை. "பெரியம்மா, என் சிமெண்ட் தரையிலயா தங்கம் தோண்டப் போறீங்க?"

விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் ரெண்டையும் எங்கள் ஊருக்கே கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னான். பொய்க்காரன் அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்ட மாட்டான்.

பிப்ரவரி 14, வியாழன்

ஊரி வந்தான். லான்சினே, நான், வேடிக்கை பார்க்கப் பாதி ஊர்.

எங்கள் செம்மண்ணில் லேசான மெஷினை வைத்ததும் ஓலம் ஆரம்பித்தது. தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி மாதிரி, நிறுத்தவே இல்லை. கீழே ஒன்றுமே கிடையாது. "உங்க மண்ணே பாதி இரும்புதானே. ஆணின்னா வாய மூடும், மண்ணே இரும்பா இருந்தா குழம்பிக் கத்துது" என்றான் ஊரி.

ஒரு குமிழைத் திருகி மண்ணுக்குப் பழக்கியதும் கனமான மெஷின் அமைதியானது. என் வளையத்தைப் புதைத்தேன், பாடியது. அதையும் நான் நம்பவில்லை. தங்கம் என்ன, வளையமாகவா மண்ணுக்குள் கிடக்கிறது? தங்கம் வாங்கும் பெண்ணிடம் பட்டாணி அளவு கல்தங்கத்தை இரவல் வாங்கி, தொலைந்துவிடாமல் ஷியா வெண்ணெய் உருண்டைக்குள் வைத்து, ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். வளையத்துக்குப் பாடிய மாதிரி இல்லை. மெல்ல முனகியது. ஆனால் முனகியது. லேசானது தன் ஓலத்திலேயே இருந்தது, தங்கம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

ஊரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியம்மா, நீங்க என் கடைக்கு வேலைக்கு வந்துடுங்க."

"சம்பளம் உன்னால குடுக்க முடியாது" என்றேன்.

கனமானதை வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

ஆணி. மத்தி மீன் டப்பா. சைக்கிள் சங்கிலி. டார்ச் பேட்டரி, டார்ச் பேட்டரி, டார்ச் பேட்டரி. மெஷின் பாடிய இடத்திலெல்லாம் லான்சினே தோண்டி எடுத்தவை; எல்லாம் நான் விற்றவை. எனக்கே திரும்பி வருகின்றன.

கொல்லன் ஃபகோலி என் கடை வாசலில் நின்று கத்தினான்: "ஏ பயறு தின்னி! தங்க வியாபாரம்னு சொன்னே, பழைய இரும்புக் கடை வெச்சிட்டியா? எனக்கும் ரெண்டு கூடை போடு!" அவன் குலத்துக்கும் எங்கள் குலத்துக்கும் கேலி முறை. கோபித்துக்கொள்ள வழியில்லை. "பயறாவது எங்க வீட்ல இருக்கு, உன் வீட்ல கரியத் தவிர என்ன இருக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். லான்சினே சிரிக்கவில்லை.

மார்ச் 2, சனி

ஒரு துணுக்கு கிடைத்தது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. அவன் முகம் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது.

மார்ச் 9, சனி

சண்டை.

"எல்லாரும் என்னை டப்பா பொறுக்கின்னு கூப்பிடறாங்க. ஆம்பளைங்க குழியில இருக்காங்க, நான் குப்பை மேட்டுல! இரும்புக்கு வாய மூடற மெஷின வாங்கியிருக்கலாம்ல?"

"அது நம்ம மண்ணுல சும்மாவே கத்தும்டா. நீயும்தானே பாத்தே?"

"பாத்தேன். உன் கெட்டிக்காரத்தனத்தையும் பாத்தேன்."

கயிறு கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டான்.

மார்ச் 12, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று திங்கட்கிழமை. தங்கத்தின் சொந்தக்காரர்களான ஜின்களின் நாள். குழிவெளியில் ஒருவனும் இரும்பை மண்ணில் வைக்கக் கூடாது. யாரும் பார்க்காத நாள் என்றுதான் அவன் போயிருக்கிறான். குழிக்குக்கூட இல்லை, பழைய பள்ளத்துக்கு. கரையைக் குடைந்து தனியாக ஏதாவது எடுத்துவந்து என் முகத்தில் எறிய வேண்டும் என்று. வேறென்ன?

கரை சரிந்துவிட்டது. ஆடு ஓட்டிப் போனவள் பார்த்து அலறினாள். நான் போனபோது மசூதி நீளத்துக்குப் புது மண் கிடந்தது. மண்வெட்டியோடு நிற்கிறார்கள், எங்கே வெட்டுவது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கண்ட இடத்தில் வெட்டினால் மேல் கரையும் வரும். லான்சினே, டேய் லான்சினே என்று கத்துகிறேன், மண் என்ன பதில் சொல்லும்...

அப்போதுதான் தோன்றியது. பிக்காசு. அவன் கையில் பிக்காசு இருக்கும். ஓடிப் போய் மெஷினைத் தூக்கி வந்தேன்.

குழிக்காவலர்களின் தலைவர் தூமானி குறுக்கே நின்றார். குழிவெளிக்குள் மெஷின் வரக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான்.

"இன்னைக்குத் திங்கக்கிழமை, தாயி."

"தெரியும்."

தொப்பியைக் கழற்றினார். மண்ணைப் பார்த்தார். "போடு. அபராதத்த அப்புறம் பேசிக்கலாம்."

அவன் செய்வதைப் பார்த்திருக்கிறேன், நான் போட்டதில்லை. மெல்ல வீசினேன். பாடியது. தோண்டினால் டப்பா. அழுகை வந்தது, அந்த டப்பாவை எவன் தின்றானோ அவனைத் திட்டினேன். மறுபடி வீசினேன். இந்த முறை சத்தம் கனமாக, அகலமாக, விடாமல் வந்தது. "இங்க!" என்றேன். கையால்தான் பறித்தார்கள். முழங்கை ஆழத்தில் பிக்காசின் முனை. அதன் பிடியை இன்னும் பிடித்திருந்த விரல்கள். பக்கத்தில் முட்டுக்கொடுத்த பழைய மரம் ஒன்று சாய்ந்து, முகத்துக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

மூச்சு இருந்தது. இருந்தது. இடது கால் உடைந்திருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

அபராதம்: ஒரு கிடா, ஒரு கூடை கோலாக் கொட்டை. அவன் தோண்டியதற்கும் நான் மெஷின் போட்டதற்கும் சேர்த்து. இதுவரை நான் பேரம் பேசாமல் கொடுத்தது இதுதான். கிடாவின் தொடையை லான்சினேக்குத் தூமானியே அனுப்பி வைத்தார்.

மார்ச் 24, ஞாயிறு

மூங்கில் வைத்துக் காலைக் கட்டியிருக்கிறார்கள். வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிச் சோறு தின்கிறான். "அக்கா, அது இரும்புக்கும் பாடினது நல்லதாப் போச்சு" என்றான். இனிமேல் குழிக்குப் போக மாட்டேன் என்று சொல்வான் என்று பார்த்தேன். தண்ணீர் கேட்டான்.

ஏப்ரல் 6, சனி

ஃபகோலியின் பட்டறையில் கூட்டம். இடுப்பில் கட்டிக்கொள்ள இரும்பு வளையம் அடித்துக் கொடுக்கிறானாம். குழிக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். "சரங்பே அக்கா மெஷின் இருக்கு, இனி என்ன பயம்?" போன மழைக்குப் பிறகு பயந்து நிறுத்தின குழிகளைக்கூட மறுபடி திறந்துவிட்டார்கள்.

போய்ச் சொன்னேன். "அது ஒரு கை ஆழம்தான்டா கேக்கும். நீங்க போறது பனைமர ஆழம்."

"தள்ளுங்கக்கா, வரிசைல நிக்கறோம்" என்றான் ஒருவன். அந்த வரிசையில், தடியை ஊன்றிக்கொண்டு, லான்சினே.

சாயங்காலம் ஃபகோலி கடைக்கு வந்தான். இன்று கேலி இல்லை. "சரங்பே, இரும்பு தீந்து போச்சு. பழைய லாரிப் பட்டை ஏதாவது வெச்சிருக்கியா? நல்ல விலை தரேன்."

இல்லை என்றேன்.

கடைக்குப் பின்னால் பழைய இரும்பு ஒரு குவியல் கிடக்கிறது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்து கயிற்றுக் கட்டுகளையும் உள்ளே எடுத்து வைத்தேன்.