பூசணி பூத்த சரக்கு வண்டி எண் 2716

அனுப்புநர்:
ஆ. குமாரவேல் (வயது 16), பதினோராம் வகுப்பு,
த/பெ ஆண்டிச்சாமி, பூண்டு விவசாயி, கவுஞ்சி, மேல்மலை.
தற்போது: தாய்மாமன் வீடு, குருவிமலை ரோடு ரயில் நிலையம் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு சரக்குப் போக்குவரத்து மேலதிகாரி அவர்கள், ரயில்வே.

பொருள்: நல்ல உடம்போடு நிற்கும் பலகை வண்டி எண் 2716-ஐச் சீக்காளி என்று சொல்லி உடைக்கப்போவதையும், அதன்பொருட்டு ஊழியர் வேலப்பன் மேல் நடவடிக்கை எடுப்பதையும் – தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை காலை ஆறரை மணியளவில், குருவிமலை ரோடு நிலையத்தின் மூன்றாம் தண்டவாளத்தில் நிற்கும் சரக்கு வண்டி எண் 2716-இன் கூரைமேல் ஒரு பூசணிப்பூ மலர்ந்தது என்பதை மிகுந்த பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். பூ மஞ்சள் நிறம். நிலைய அதிகாரி, கேட்கீப்பர், இரண்டு ஆடுகள் ஆகியோர் நேரில் கண்டனர். ஆடுகளுக்கு எட்டவில்லை என்பதால் பூ இன்றும் உள்ளது. ஓடும் வண்டியில் கொடி ஏறாது. இவ்வண்டி ஆறு மாதமாக நகரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2. இவ்வகை வண்டிகளின் வரலாறு ரயில்வேயில் யாருக்கும் தெரியாது போலிருப்பதால், தீர ஆராய்ந்து நானே எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் ரயில் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன். 1911-இல் இவ்வகையில் நாற்பது வண்டிகள் கப்பலில் துண்டு துண்டாக வந்து இங்கே பூட்டப்பட்டன. நான்கு சக்கரம், இரும்புச் சட்டம், தேக்குப் பலகைச் சுவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. முதல் யுத்தத்தில் இவற்றில் குதிரைகள் ஏறின. இரண்டாம் யுத்தத்தில் அரிசி ஏறியது. இடையில் உப்பு, வாழைத்தார், ஒரே ஒருமுறை சர்க்கஸ் கம்பெனியின் கிழட்டுக் கரடி. முழு இரும்பு வண்டிகள் வந்ததும் இவை ஓய்வு பெற்றன. இருபத்தெட்டு உடைக்கப்பட்டன, பத்து கேட்கீப்பர் குடிசைகளாயின, ஒன்று கோழிக்கூடானது. மிச்சம் 2716.

3. அந்த ஒரு விரல் இடைவெளியை ரயில்வே குறை என்கிறது. மேல்மலைக்கு அதுதான் உயிர். கவுஞ்சிப் பூண்டு, காய்ந்த தண்டோடு முடிச்சு முடிச்சாகக் கட்டி, பொதிக்குதிரையில் இறங்கி, 2716-இன் கொக்கிகளில் தொங்கியபடி பயணம் செய்யும். காற்று வரும், ஈரம் போகும். கடந்த பங்குனியில் 2716 கிடைக்காததால் இரும்பு வண்டியில் ஏற்றினோம். மூன்று நாள் வெயிலில் வியர்த்து, இறக்கும்போது அத்தனையும் முளைவிட்டுப் பச்சை வால் காட்டியது. "ஏலே குமாரு, நாம பூண்டு அனுப்புனமா, நாத்து அனுப்புனமா?" என்று என் அத்தை பிச்சையம்மாள் கேட்டார். பிறகு அவர் அழுததை மனுவில் எழுதும் வழக்கம் இல்லை என்பதால் எழுதவில்லை. ஆவணி அறுவடைக்கு இன்னும் மூன்றே வாரம் உள்ளது.

4. நோய் வந்த விதம்: மாசி மாதம் ஒரு காலை 2716-இன் கதவில், சாக்பீஸால் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி காணப்பட்டது. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ஊழியர், பழுது கண்டால் போடும் குறி அது. உடனே சீக்கு வண்டி என்று பேரேட்டில் ஏற்றினார்கள்; பழுதான வண்டிக்கு ரயில்வே வைத்த பெயர் அது. என்ன பழுது என்று பட்டறை கேட்டது. குறியைப் பார்க்கவும் என்று நிலையம் எழுதியது. பட்டறை ஆள் வந்து பார்ப்பதற்குள் கோடை மழை குறியை அழித்துவிட்டது. பேரேட்டில் மழை பெய்யவில்லை. பழுது தெரியாததால் பழுது பார்க்க முடியாது. பழுது பார்க்காததால் பெயரை அடிக்க முடியாது. குறி போட்டவர் மட்டுமே கையெழுத்திட்டு அதை நீக்க முடியும் என்பது விதியாம். கையெழுத்து வராததால், தீராத நோய் என்று முடிவாகி, வரும் 20-ஆம் தேதி உடைக்க உத்தரவாகியுள்ளது. இக்குறியைப் போட்ட கயவன் எவனாயினும் அவனுக்குக் கடும் தண்டனை வழங்க வேண்டுகிறேன்.

5. இந்நிலையத்தில் குறி போடும் உரிமை வேலப்பன் ஒருவருக்கே உண்டு. "நான் போடலைங்க. போடாத குறிய நான் எப்படிங்க அழிக்கிறது?" என்றார் அவர். "அப்பப் பேயா வந்து போட்டுட்டுப் போச்சு? வெரசாக் கையெழுத்தப் போடும்யா, எனக்கு வேற சோலி கெடக்கு" என்றார் நிலைய அதிகாரி. கையெழுத்திட்டால் வேலப்பன் பொய்க்குறி போட்டவர், இடாவிட்டால் கீழ்ப்படியாதவர். பதினெட்டு ஆண்டு சுத்தியல் பிடித்த மனிதருக்கு, வண்டி உடைபடும் அதே 20-ஆம் தேதி விசாரணை. வேலை போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

6. ஆகவே, தாங்கள் கருணைகூர்ந்து,
(அ) 2716-ஐ ஆவணிப் பூண்டுக்கு ஓட விட வேண்டும்;
(ஆ) வேலப்பன் மேல் உள்ள குற்றச்சாட்டை ரத்து செய்ய வேண்டும்;
(இ) 4-ஆம் பத்தியில் "கடும் தண்டனை" என்றிருப்பதை "வயதுக்கேற்ற தண்டனை" என்று திருத்தி வாசிக்க வேண்டும். "கயவன்" என்பதையும் அடித்துவிட்டால் நல்லது.

7. திருத்தத்தின் காரணம்: குறியைப் போட்டது நான். ஒரு துண்டு சாக்பீஸால் ரயில் வண்டியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று வகுப்பில் சவால் விட்டேன். நின்றது. ஒருநாள் முழுக்கக் கைதட்டல். மறுநாள் வெள்ளனே அழிக்கப் போனேன். அதற்குள் பேரேட்டில் ஏறிவிட்டிருந்தது. பேரேட்டை அழிக்கும் டஸ்டர் எங்கள் பள்ளியில் இல்லை. முளைவிட்ட பூண்டில் பாதி என் அப்பாவுடையது. குறி போட்டவரே கையெழுத்திட வேண்டுமென்றால், சனிக்கிழமை பள்ளி இல்லை, வருகிறேன்.

8. 2-ஆம் பத்தியில் உள்ளது என் ஆராய்ச்சி அல்ல. 2716-இன் நிழலில் உட்கார்ந்து பகல் சோறு உண்ணும்போது வேலப்பன் எனக்குச் சொன்னது. கரடியும் அவர் சொன்னதுதான். சாக்பீஸும் அவரிடம் வாங்கியதுதான். எதற்கு என்று கேட்டார், கணக்குப் போட என்றேன். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. தங்களுக்கு எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது.

இடம்: குருவிமலை ரோடு
நாள்: 6-8-1958

குறி போட்ட அதே கையால் ஒப்பமிடும்,
ஆ. குமாரவேல்