பூஜை போட்ட சர்வர்

ஆயுத பூஜை, இரவு.

என் சூலூர் ஆபீஸில் சர்வருக்குப் பொட்டு வைத்த மனைவி, ஸ்விட்சையும் அணைத்துவிட்டாள். கேட்டால், "ஏனுங்க, பூஜை போட்ட மெஷினை ஓட்டலாமுங்களா?" என்கிறாள். அதில் ஓடும் முதலாளியின் இணையதளம் உலகம் முழுக்க நின்றுபோனது.

அவர் ரஷ்ய யூதர். தனியாளாக வளர்த்த கம்பெனி. வீடியோ அழைப்பில் வந்ததும் என் காண்ட்ராக்ட் போயிற்று என்றே நினைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். அன்று மெஷினைத் தொடமாட்டேன் என்றதற்குத்தான் ரஷ்யாவில் அப்பாவின் வேலை போனது. ஊரை விட்டே கிளம்பினோம்," என்றார். "காலை வரை அணைந்தே இருக்கட்டும்."

தளம் இன்னும் நின்றுதான் கிடக்கிறது. இவள் குறட்டை விடுகிறாள்.