ரோக்காவெந்தோவின் முதல் மணி

மார்ச் 2, 1911. வியாழன்.

மலைகளை நிறுத்தி அவற்றின் மேல் மனிதரைக் குடியமர்த்திய ஆண்டவரே, இந்த எழுதுகோல் உமது உண்மையை விட்டு விலகாதிருப்பதாக.

நேற்றுப் பூசிய திருநீற்றுச் சாம்பல் நெற்றியை விட்டு அகலுமுன்பே ஊரின் தலையில் மண் விழுந்துவிட்டது. சென்ற கோடையில் பித்தளைக் கருவியோடு வந்த இராணுவ அளவையாளர்களின் வரைபடம் இன்று தபாலில் வந்தது. எங்கள் ரோக்காவெந்தோ ஊர் ஆலயத்தின் வாசல் கடல்மட்டத்துக்கு மேல் 987 மீட்டர். பள்ளத்தாக்கின் எதிர்முகட்டில் இருக்கும் செர்ரமோரா ஊர் ஆலயம் 996.

சிசிலியின் இந்த மலைகளில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த செய்தி: பெரிய சனிக்கிழமை காலை, கிறிஸ்து உயிர்த்தெழுந்ததை அறிவிக்கும் முதல் மணியை அடிப்பவர்கள் நாங்கள். எங்கள் ஓசை பள்ளத்தைக் கடந்த பிறகே செர்ரமோராவின் மணி வாய் திறக்கும். காரணம்? உயரம். அப்படி எழுதியவன் யார்? நான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய என் ‘ஊர் வரலாறும் நிலவியலும்’ நூலின் முதல் வரியே அதுதான்.

மார்ச் 11.

செர்ரமோராவின் தலைமைக் குரு தோன் எராஸ்மோவிடமிருந்து ஒரே வரிக் கடிதம்: “லிபோரியோ, இந்த வருஷம் முதல் மணி எங்களோடது, நீ எழுதின புஸ்தகமே சாட்சி.” குருமடத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். அன்றும் இப்படித்தான் குத்துவான்.

மார்ச் 14.

மேயர் தோன் காஸ்பரேயும், கொத்தர் சங்கத் தலைவரும் எங்கள் மணியடிப்பவருமான மாஸ்த்ரு ரோக்குவும் என் அறைக்கு வந்தார்கள்.

“ஒன்பது மீட்டர்தானே சாமி? சுண்ணாம்பும் கல்லும் குடுங்க, கோபுரத்தை ஏத்திப்புடறேன்” என்றார் ரோக்கு.

“வாசலைத்தானப்பா அளந்திருக்கான், கோபுரத்தை இல்ல” என்றேன்.

“அப்போ வாசலையும் ஏத்திருவோம்! படி கட்டுனா ஆச்சு.”

“கெழவிங்க பூசைக்கு ஏணி வெச்சா ஏறுவாங்க?” என்றார் மேயர். பிறகு அவரே சுண்ணாம்புக்கு ஆள் அனுப்பிவிட்டார்!

வானத்தை எட்டப் பாபேல் கோபுரத்தைக் கட்டியவர்களும் தொடக்கத்தில் நல்ல கொத்தர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உயரத்தைத் தவிர வேறு உரிமை நமக்கு உண்டா என்று முதலில் தேடுவோம் என்றேன். தேட வேண்டிய இடம் ஒன்றே: திருப்பொருள் அறையிலிருக்கும் மூன்று பூட்டுப் பெட்டி. ஒரு சாவி பங்குக் குருவான என்னிடம், ஒன்று மேயரிடம், ஒன்று கொத்தர் சங்கத்திடம். மூவரும் ஒருமனப்பட்டால்தான் திறக்கும் என்பது முன்னோர் ஏற்பாடு. மூவரும் ஒருமனப்பட்ட நாள் எழுபது ஆண்டுகளாக வாய்க்கவில்லை. செர்ரமோராவின் மேலுள்ள கோபம் எங்களை ஒன்றாக்கியது. இதை எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 20. திங்கள்.

நேற்று சூசையப்பர் விருந்து. ஏழைகளுக்கு ரொட்டி படைத்த மேசைகளை எடுத்து வைத்ததும் பெட்டியைத் திறந்தோம். எலி எச்சம், மெழுகு, ஒரு தோல் அட்டை ஏடு. இலத்தீன். நான் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொன்னேன்.

1722. நாற்பது நாள் பனி. கீழ்ச்சாலை அடைபட்டு, களஞ்சியம் காலியாகி, ஊர் பட்டினியில் கிடந்தது. இரு முகடுகளுக்கும் இடையே கூவினால் கேட்கும். நடந்தால் மூன்று மணி நேரம். எங்கள் கூவலைக் கேட்டுச் செர்ரமோராக்காரர்கள் கோதுமையையும் கஷ்கொட்டை மாவையும் முதுகில் சுமந்து பள்ளத்தில் இறங்கினார்கள். மூட்டைகள் வந்து சேர்ந்தன. சுமந்தவர்களில் பதினொருவர் பனியிலேயே மாண்டு கிடந்தார்கள். அந்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் எங்கள் முன்னோர் நேர்ந்துகொண்டார்கள்: உயிர்ப்பின் முதல் ஓசையாக நாங்கள் அடிப்பது செர்ரமோராவின் அந்தப் பதினொருவருக்கு, எங்கள் மகிழ்ச்சி அதற்குப் பின்.

ரோக்கு தலையில் கை வைத்துக்கொண்டார். “அதான் பெரிய மணி தெருவைப் பாக்காம பள்ளத்தைப் பாத்துத் தொங்குதா! எங்கப்பன்கிட்ட கேட்டேன், காத்துக்காகன்னான்.”

முதல் மணி எங்கள் மேன்மையன்று, எங்கள் நன்றி. அதை உயரமென்று அச்சில் ஏற்றியவன் நான்.

மேயர் மெல்லச் சொன்னார்: “சாமி, திரும்ப உள்ள வெச்சுப் பூட்டிடலாம். மூணு பேருக்குத்தான தெரியும்.”

யோசிப்போம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எழுபத்து நான்கு வயதில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறேன் — ஊரின் பெயரையா, என் நூலையா?

மார்ச் 21.

ஜெபிக்க முடியவில்லை.

ஏப்ரல் 9. குருத்து ஞாயிறு.

ஒலிவக் கிளைகளைக் கையில் ஏந்தி நின்ற மக்கள் முன் ஏட்டைத் திறந்தேன். முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு பனியாண்டைப் படித்தேன். மேயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டி சுடும் பிரஸ்ஸேதே தன் இடத்திலிருந்தே கேட்டாள்: “சாமி, அந்தப் பதினோரு பேருக்கும் பேர் போட்டிருக்கா?”

“போட்டிருக்கும்மா.”

“அப்போ பேரைப் படிங்க. அவங்க சுமந்த மாவைத் தின்னுதான நம்ம பாட்டன் பூட்டன் பொழைச்சான்.”

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஆலயம் முழுவதும் முழந்தாளிட்டது. கடைசியில் மேயரும்.

மாலையில், ஏட்டைப் படியெடுத்து எராஸ்மோவுக்கு அனுப்பினேன். இந்த ஆண்டு முதல் மணியை நீங்களே அடியுங்கள், நாங்கள் காத்திருப்போம் என்றும் எழுதினேன். பெருந்தன்மை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 13. பெரிய வியாழன்.

வழக்கப்படி, உயிர்ப்பு வரை ஒலிக்காதபடி மணிகளின் நாவைக் கட்டினோம். எராஸ்மோவிடமிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 15. பெரிய சனி.

மகிமைப் பாடலைத் தொடங்கினேன். வழக்கமாக அந்தக் கணமே மணி முழங்கும். இன்று காத்திருந்தோம். எதிர்முகட்டிலிருந்து ஓசை வரவில்லை. பாடல் முடிந்தது. அங்கும் காத்திருக்கிறார்கள் என்பது மெல்ல உறைத்தது. வாசல் வழியே பார்த்தால் அவர்கள் ஆலய முற்றத்தில் கறுப்புப் புள்ளிகளாய்க் கூட்டம், எங்கள் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது.

கோபுர அடியிலிருந்து ரோக்குவின் குரல், திருப்பலி நடுவிலே, வெட்கமில்லாமல்: “சாமி, நன்றி சொல்ல வேண்டியவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? அவங்க முதல்ல அடிச்சா யாருக்கு யார் நன்றி சொல்றது?”

இலத்தீன் ஏட்டைப் படித்தவன் நான், புரிந்துகொண்டவர் அவர். தலையசைத்தேன்.

பதினோரு அடி. ஒவ்வொன்றையும் பள்ளம் வாங்கி மறுகரைக்குக் கொடுத்தது. பிறகு ரோக்கு கயிற்றை இறுகப் பிடித்து மணியை நிறுத்தினார். இதுவரை எவரும் அப்படி நிறுத்தியதில்லை. அந்த மௌனத்துக்குள் செர்ரமோராவின் மணி எழுந்தது. அதன் பிறகு இரண்டும் சேர்ந்து முழங்கின. எது எவருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

நூற்றெண்பத்தொன்பது ஆண்டுகள். காரணம் மறந்த பின்னும் ஓர் ஆண்டும் தவறாமல் நேர்ச்சையைச் செலுத்திய ஊர் என்னுடையது. இவ்வளவு பெருமிதம் உயரத்தில் நின்றபோது எனக்குக் கிடைத்ததில்லை. நூலின் முதல் வரியை அடித்துவிட்டு 987 என்று எழுதியிருக்கிறேன்; அதன் கீழ் பதினோரு பெயர்கள்.

இந்தப் பக்கத்தை என்றேனும் புரட்டுகிறவரே, உம் வீட்டுக் களஞ்சியம் நிறைந்திருக்கட்டும். நீர் கூவும்போது கேட்கும் அயலார் உமக்கு வாய்க்கட்டும். உயிர்த்தவரின் சமாதானம் உம் பிள்ளைகளோடும் உம் கூரையின் கீழ் உறங்குவோர் அனைவரோடும் தங்குவதாக. ஆமென்.