ஒரு வடக்கயிற்றுக்காகக் கடலில் முங்கியது

ஏப்ரல் 17, 1973. செவ்வாய்.

வெயில். கடைக்கு ஈ மட்டும் வருகிறது. சும்மா இருக்கிற நேரத்தில் ஓர் உண்மையை எழுதி வைக்கிறேன். இந்த டைரியை யாரும் படிக்க முடியாது. என் கையெழுத்தே அதற்குக் காவல்.

போன மாதம் பாளையம்பட்டிக் கிணற்றில் என்னை விஷவாயு தாக்கவில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நடந்தது இது: பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வைக் கழற்ற முங்கினேன். குழாய்க்குப் பின்னாலிருந்து ஒரு தண்ணீர்ப்பாம்பு எட்டிப் பார்த்தது. என் சுண்டுவிரல் மொத்தம். கடிக்காது, விஷம் கிடையாது, எல்லாம் தெரியும். இருபத்தெட்டு வருஷமாகக் கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஆனாலும் மேலே வந்து "யம்மா" என்று அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துபோயின. கயிற்றில் தொங்கியபடியே மயக்கம். என்னை மேலே இழுத்துப் போட்டபோது வேட்டி கிணற்றில் மிதந்தது. கோவணம் மட்டும் விசுவாசமாகக் கூட வந்தது. சுற்றிலும் எட்டுப் பேர். களையெடுக்க வந்த பெண்கள் மூன்று பேர் அதில் சேர்த்தி.

அன்றைக்கே சௌ. நான் கிணற்றில் இறங்குகிற வடக்கயிற்றை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். (சௌ. = சௌந்தரம், என் மனைவி. முழுப்பெயரும் எழுதினால் அடுப்படியில் அவளுக்குப் புரையேறிவிடும்.)

"நாப்பத்தெட்டு வயசாச்சு. கெணறும் வேணாம், ஒண்ணும் வேணாம். கல்லாவுல உக்காருங்க."

உட்கார்ந்த பிறகு செய்த காரியங்கள்:
- வாஷர் டப்பாவைக் கொட்டித் திரும்ப அடுக்கியது. இரண்டு தடவை.
- எதிர்த்த மாவுமில் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையை முழுசாகக் கேட்டது. (தப்பு மாமியார் மேல்தான்.)
- தொந்தி போட்டது.

கிணற்றுக்குள் இறங்காத நான் யார்? அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கிற இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19. வியாழன்.

அனல் காற்று. நரிக்குடியிலிருந்து ஒரு சம்சாரி வந்தார். "அண்ணாச்சி, புட்வால்வு தண்ணி இழுக்க மாட்டேங்குது. பருத்தி வாடுது. ஒரு எட்டு வந்து எறங்கிப் பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வே. முந்திக்கொண்டான். வே. = வேலுச்சாமி, சௌ.யின் தம்பி. கடையில் எனக்கு ஒத்தாசை என்று பெயர். என்னை வேவு பார்ப்பதுதான் உத்தியோகம்.

"அத்தான் இனிமே எறங்க மாட்டாக. பொட்டிப் பாம்பா இங்கதான் இருப்பாக. வேற ஆளு விடுதோம்."

பாம்பு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா? முகத்தைப் பார்த்தேன். தெரியாது. ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

"கெணறு என்னலே கெணறு. நான் கடல்லயே எறங்குவேன்."

"எறங்குங்க. யாரு வேணாங்கா? கடல்ல முங்கி எந்திரிச்சு வாங்க. அப்புறம் கெணத்தப் பத்திப் பேசுவம்."

உள்ளேயிருந்து சௌ.யின் குரல்: "கடலுக்குப் போயி முழுசா வந்தாகன்னா கயித்த நானே எடுத்துத் தாரேன்!"

சொல்லிவிட்டு அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அந்தக் குடும்பத்துக்கே உரிய சிரிப்பு. நம்ம ஊர்க் குழாயில் வருகிற உப்புத்தண்ணீரைத் தவிர நான் வேறு கடலைப் பார்த்ததில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நரிக்குடிக்காரரிடம், "பத்து நாள் பொறுங்க, நானே வாரேன்" என்று சொல்லி அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் என்று கேட்கக்கூடாது.

ஏப்ரல் 21. சனி.

கடவுளுக்கும் என்னைப்போலக் குறும்பு உண்டு.

மதியம் ஒரு ஜீப். இறங்கியவர் மதுரையில் விலங்கியல் புரபசர். ராமநாதபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டுப் பவளப்பாறைகளைப் பார்க்கிறாராம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து மூச்சு வாங்கியபடி அடியில் மணிக்கணக்காக இருக்கலாமாம். சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற எந்திரம் நின்றுபோயிற்று. காரியாபட்டியில் டீ குடித்த இடத்தில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரிதான?"

"அதேதான். கொஞ்சம் அதிகமா."

கூலி என்ன என்று கேட்டார். கூலி வேண்டாம், ஒரு முங்கு வேண்டும் என்றேன். அவர் என் தொந்தியைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. திரும்பவும் தொந்தியை.

"நீச்சல் தெரியுமா?"

"தரையில நடக்கக் கத்துக்கிட்டதுதான் சார் எனக்கு ரெண்டாவது."

வே.யின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சௌ. அடுப்படிக்குள் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். சாட்சிக்கு வே.யும் வருகிறான், அக்காள் உத்தரவு.

எடுத்துப்போக: ஸ்பேனர் செட், பிஸ்டன் ரிங்கு, கிரீஸ், காராச்சேவு, திருச்சுழிக் கோவில் விபூதி (சௌ. பைக்குள் திணித்தது).

ஏப்ரல் 24. செவ்வாய்.

கடல். எழுத ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் மிளகாய் போடவில்லையே என்பதுதான் முதலில் தோன்றியது.

எந்திரத்தில் மணல் போகாத இடம் இல்லை. காலை முழுவதும் கழற்றித் துடைத்து, ரிங்கு மாற்றி, பதினோராவது இழுப்பில் உறுமியது. சிலிண்டர் இரண்டும் நிரம்பின. வே. கருவாட்டு வாசத்துக்கு மூக்கைப் பொத்தியவன் இன்னும் கையை எடுக்கவில்லை.

படகுக்காரர் அந்தோணி. முன்னே சங்கு குளித்தவர். நாளைக்குப் போகிற இடத்தைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பாருல நீவாடு கடுசு மொதலாளி. சங்கு குளிக்கிறவனே யோசிச்சுத்தான் எறங்குவான். கரையோரமா முங்கிட்டுப் போங்களேன்."

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறை. நீவாடு என்றால் கடலுக்குள் ஓடுகிற ஆறு. ஆறு என்றாலே எனக்கு மணல்தான் ஞாபகம்.

"யோசிக்கிற வேலை எல்லாம் ஊருலயே முடிச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.

சாயங்காலம் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம். புரபசர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: மூச்சை அடக்காதீர்கள். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். விட்டுக்கொண்டே இருங்கள். இருபத்தெட்டு வருஷமாக மூச்சை அடக்குவதுதான் என் தொழில்! காற்றுக் குழாயின் முனையில் இருக்கிற ரப்பரைக் கடித்துக்கொண்டு மாடு மாதிரி புஸ் புஸ் என்று விடப் பழகினேன். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். அதுவும் வந்துவிட்டது.

ஏப்ரல் 25. புதன்.

காதில் இன்னும் இரைச்சல். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் படகு. வே. பாதி வழியிலேயே படகின் ஓரத்தைக் கட்டிப்பிடித்து, காலையில் தின்ற இட்லியை மீனுக்குக் கொடுத்தான். நீவாடு மட்டுப்படுகிற நேரம் பார்த்து புரபசர் நங்கூரம் போடச் சொன்னார். மட்டுப்பட்டதே அப்படி! நங்கூரக் கயிறு நேராக இறங்காமல் சாய்ந்து விறைத்து நின்றது.

என் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை அந்தோணி கையில். புரபசர் முன்னால் இறங்கினார், பின்னால் நான்.

தப்பு நடந்தது இங்கேதான். எங்கள் கிணற்று வழக்கம்: அடியிலிருந்து கயிற்றை ஒரு தடவை சுண்டினால் "தளர்த்தி விடு". இரண்டு தடவை சுண்டினால் "தூக்கு". சங்குப் படகு வழக்கம்: ஒரு தடவை சுண்டினாலே "தூக்கு". அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உலகம் முழுக்க ஒரே வழக்கம்தான் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

பாறை தெரிகிற இடத்தில் இடுப்பை இறுக்கியது. தளர்த்தட்டும் என்று ஒரு சுண்டு. மேலே இழுத்தார். என்னடா இது என்று இன்னொரு சுண்டு. இன்னும் வேகமாக இழுத்தார். நான் கோபத்தில் விடாமல் சுண்ட, பாவம், ஆள் சாகக் கிடக்கிறான் என்று அவர் இரண்டு கையாலும் இழுக்க, புஸ் புஸ் என்று விட்டபடியே, தலை கீழே கால் மேலே என்று படகின் பக்கத்தில் வந்து சேர்ந்தேன். சுறாவை இழுத்துப்போடுவதுபோல இழுத்துப் போட்டார்கள். புரபசரும் பின்னாலேயே ஏறி வந்தார்.

வே. தலையைத் தூக்கிப் பார்த்தான். "போதும் அத்தான். முங்கிட்டிய, எந்திரிச்சிட்டிய. அக்காட்ட நான் சொல்லுதேன். வாங்க போயிருவம்."

நல்ல பயல். நிஜமாகவே சொன்னான். சரி என்று சொல்லியிருக்கலாம், கயிறு கிடைத்திருக்கும். ஆனால் என்னை ஒருவன் இழுத்து வெளியே போடுவது எப்படிக் கணக்கில் சேரும்? பாளையம்பட்டியில் நடந்ததும் அதுதானே. இந்தத் தடவை தண்ணீரோடு போனது வேட்டிக்குப் பதில் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்புச் செருப்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

"சார், சிலிண்டர்ல காத்து இருக்கா?"

"பாதி இருக்கு. ஆனா..."

"அப்ப ஆனா இல்ல."

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டேன். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். நங்கூரக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து இறங்கினேன். புரபசர் ஒரு முழம் தள்ளி, என் மேல் வைத்த கண் எடுக்காமல்.

பாதியில் நீவாடு பிடித்தது. கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி கயிற்றிலிருந்து படுக்கைவாட்டில் பறந்தேன். விட்டால் இலங்கை. பாஸ்போர்ட்டும் கிடையாது. கை எரிகிறது, கண்ணாடி முகத்திலிருந்து பிய்ந்துவிடும் போல இருக்கிறது. மூச்சை அடக்கு அடக்கு என்கிறது உடம்பு. விடு விடு என்கிறார் புரபசர், கையை ஆட்டி.

அடி வந்தது. பாறை மறைப்பில் நீவாடு கொஞ்சம் குறைவு. மான்கொம்பு மாதிரிக் கல். காலிபிளவர் மாதிரிக் கல், ஆனால் மஞ்சள். மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டிப் படத்தின் நிறம். எல்லாம் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றன. கடை திறந்த முதல் நாள் சந்தோஷம் மாதிரி ஒன்று. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அப்போதுதான் கல் பொந்துக்குள்ளிருந்து அது எட்டிப் பார்த்தது. தொடை மொத்தம். புள்ளி புள்ளியாக. வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி.

கத்த முடியாது, வாயில் ரப்பர். கயிற்றை விட முடியாது. மயங்கவும் முடியாது, மயங்கினால் ரப்பர் விழுந்துவிடும். மூன்று வழியும் அடைத்துக் கிடந்தது. ஆகவே நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. உனக்காக நான் ஒரு மாதம் கல்லாவில் உட்கார்ந்தேன், இனி மாட்டேன், போடா என்றேன் மனசுக்குள். புஸ். புஸ். பத்து மூச்சு எண்ணினேன். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நானாக இறங்கினேன். நானாக ஏறினேன். மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே.

"கீழ யாரப் பாத்திய மொதலாளி, முகம் இப்படி இருக்கு?"

"தெரிஞ்ச ஆளுதான்."

அது பாம்பு இல்லை, அஞ்சாலை என்கிற மீன் என்றார் புரபசர். அவருக்கென்ன, படித்தவர்.

ஏப்ரல் 27. வெள்ளி.

வீடு. கை இரண்டும் கொப்புளம். வே. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், அவனே முங்கினது போல. இப்போதைக்கு அந்த நீவாடு வைகை வெள்ளம் அளவுக்கு வந்திருக்கிறது. மாவுமில் மாமியார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சௌ. மிளகு ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்து என் மடியில் போட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா? பாளையம்பட்டியில அன்னைக்கு வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. களையெடுக்க வந்தவ கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு அப்பவே சொல்லிட்டா. தண்ணிப்பாம்பு."

கையில் கொப்புளம் இருந்ததால் முகத்தை மூடிக்கொள்ளவும் வழியில்லை.

"தெரிஞ்சேதான் பூட்டுனியா?"

"பாம்புக்குப் பயந்ததுக்கா பூட்டுனேன்? அவுத்துப் போட்ட துணி மாதிரி வண்டியில கொண்டாந்து போட்டாகளே, அதுக்குப் பூட்டுனேன். இந்த மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா?"

தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "போவீக" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 3. வியாழன்.

காலை பஸ்ஸில் நரிக்குடி. தோளில் வடக்கயிறு. ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வே. இந்தக் காட்சிக்காகவே இன்னொரு தடவை கடலில் குதிக்கலாம்.

வே.யின் புண்ணியத்தில் செய்தி முந்திப்போயிருந்தது. கிணற்றைச் சுற்றிப் பத்திருபது பேர். "இவுகதான், கடலுக்கடியில போயிட்டு வந்தவுக." சட்டையைக் கழற்றினேன். விபூதி பூசினேன். இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு சுண்டு என்றால் என்ன, இரண்டு சுண்டு என்றால் என்ன என்று மேலே நிற்பவர்களுக்கு விளக்கமாகச் சொன்னேன். மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"நீங்க கடலுக்குப் போன வாரமே வத்திப்போச்சு அண்ணாச்சி" என்றார் சம்சாரி.

வால்வு வெயிலில் காய்ந்து கிடந்தது. படி வழியாக இறங்கினேன். செருப்பைக் கழற்றவில்லை.