ஊன்றுகோல் கைப்பிடி உடைந்த விஷயம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசிப் பேர் சுகம், மீதிக் கால்வாசி உன் தங்கை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வேண்டாம், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் போட்டோவோடு பத்திரிகை வந்து சேர்ந்தது. "இனி குப்பையே இல்லை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத பிள்ளை உலகத்தைக் கூட்டிப் பெருக்கக் கிளம்பிவிட்டான் என்று உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. விமானத் தொழிற்சாலையில் வெட்டித் தள்ளும் கார்பன் இழைத் துண்டுகள் மக்காது, புதைத்தால் காலத்துக்கும் அப்படியே கிடக்கும், என் மகன் அவற்றை அரைத்து நைலானோடு உருக்கி, 3டி பிரிண்டரில் அடுக்கடுக்காக அச்சடித்துப் பொருளாக்குகிறான் என்று தபால்காரரைக்கூட நிறுத்திவைத்துச் சொல்கிறார். பாவம் அந்த மனுஷர், ஒரு கையெழுத்து வாங்க வந்தவர்.

உன் பார்சலுக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதக் காரணமே அந்தப் பார்சல்தான். கணுக்கால் கட்டோடு இருக்கும் சின்னவள், அண்ணன் செய்தது என்று அதில் வந்த கைப்பிடியை ஊன்றுகோலில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஒரு சுற்று வந்தாள். திரும்பி வந்து மாடிப்படி இறங்கும்போது மளுக்கென்று உடைந்தது. கீழே உன் அப்பா நின்றதால் அவர் மேல் விழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்கிறார், "அவன்கிட்ட சொல்லாதே, மனசு உடைஞ்சு போயிடும்" என்று. உன் மனசு உடையக் கூடாதாம், அவர் இடுப்பு உடையலாமாம். நான் கேட்பேனா, உடனே போன் செய்தேன். நீ என்ன சொன்னாய், "அவ வெயிட் போட்டிருப்பாம்மா" என்றாய். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், நீ வந்தால் அந்தக் கோலாலேயே நாலு போடுவதாகச் சொல்லச் சொன்னாள்.

குழாய்க் கம்பெனியின் சோதனை அறையில் நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கை உடைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், என்னிடமே கதை விடுகிறாய். உடைந்த துண்டைக் கொண்டுபோய் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், இழைகள் அப்படியே இருந்தன, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் சீட்டுக்கட்டு மாதிரி சுத்தமாகப் பிரிந்திருந்தது. மறுபடி உன்னைக் குடைந்த பிறகுதான் உண்மை வந்தது. பலம் சோதிக்கக் கொடுத்த மாதிரிப் பட்டையைப் படுக்கவைத்து அச்சடித்தாயாம், இழையெல்லாம் நீளவாக்கில் ஓடி, இழுத்த இழுப்புக்குத் தாங்கியது, அந்தக் கணக்கைத்தான் பத்திரிகைக்குக் கொடுத்தாய். கைப்பிடியை மட்டும் நிற்கவைத்து அச்சடித்தாயாம், அப்படி வைத்தால் ஒரே தடவையில் நிறைய அடங்குமாம். ஆனால் இழைகள் குறுக்கே கிடக்கும், அடுக்குக்கு அடுக்கு ஒட்டிய ஒட்டுதான் ஆள் பாரத்தைத் தாங்க வேண்டும். படுத்துக்கொண்டு பரீட்சையில் பாஸானவனை நிற்கவைத்து மூட்டை தூக்கச் சொன்ன கதை. தெரியாமல் செய்திருந்தால் தலையில் குட்டிவிட்டுச் சும்மா இருப்பேன், தெரிந்த பிள்ளை நீ, அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

இப்போது அதே கைப்பிடியை வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் கால் முறிந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்போகிறாய், மேடை, மைக், கேமரா எல்லாம் தயார். இப்போது நிறுத்தினால் மானம் போய்விடும் என்கிறானாம் உன் கூட்டாளி சோடாபுட்டி. அவன் மானம் போனால் மாவுக்கட்டு போட வேண்டியதில்லை, அடுத்தவர் கால் போனால்தான் போட வேண்டும். அங்கே ஒவ்வொரு படிக்கும் கீழே உன் அப்பா போய் நிற்க முடியாதடா. அந்தக் கார்பன் துண்டுகளை மண்ணிலேயே புதைத்திருந்தால்கூட யாரையும் தள்ளிவிட்டிருக்காது. விழாவை நிறுத்து. படுக்கவைத்து அச்சடி, கொஞ்சமாகத்தான் வரும், வரட்டும். பட்டையை அல்ல, கைப்பிடியையே உடைத்துப் பார், அப்புறம் கொடு. அரைக்கும்போது முகமூடி போட்டுக்கொள், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் நல்லதில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

வியாழக்கிழமை மாலைவரை பார்ப்பேன். நீயே மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால் சந்தோஷம், இல்லையென்றால் நான் போன் செய்வேன், நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். எடுத்தவர்கள் முதலில் நீங்கள் யார் என்றுதான் கேட்பார்கள். அவனைப் பெற்றவள் என்று நான் இதுவரை எங்கேயும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

நீ எடுத்த காரியம் நல்ல காரியம், அது நிலைக்கட்டும், அதை நம்பிப் பிடித்தவர்களும் விழாமல் நடக்கட்டும்.

உன் பதிலுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா