ஒன்பதுக்குப் பத்து அறையில் ஒரு சிவப்பு நாற்காலி

ராம் நகர்,
கோயம்புத்தூர்.
11.11.2025

அன்பு மகன் அரங்கசாமிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் தரையில் உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடுவதாக உன் பீளமேட்டு அத்தை உனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் விடாது. நான் உட்காருவது சாப்பாட்டு மேசையில், நாற்காலியில், முதுகை நிமிர்த்தி. விளையாடவும் இல்லை. கட்டுகிறேன். அதைச் சொல்லவும், என் பக்கம் நடந்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவும்தான் இந்தக் கடிதம்.

நலம் விசாரிக்க மறக்கவில்லை. நீயும் மானசாவும் ரித்விக்கும் அங்கே டொராண்டோவில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. என் ரத்த அழுத்தம் மருத்துவர் சொன்ன அளவுக்குள் இருக்கிறது. கண்புரை எடுத்த பிறகு ஊசியில் நூலை நானே கோக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன் டிசம்பரில் நீங்கள் மூவரும் வருவதாக இருந்தது நினைவிருக்கும். ரித்விக்குக்காக லெகோ பெட்டி ஒன்று வாங்கி வைத்தேன். நீங்கள் வரவில்லை. அடுத்த டிசம்பரிலும் வரவில்லை. போன வருடம் அலமாரியைத் துடைக்கும்போது பெட்டியைப் படித்துப் பார்த்தேன். எட்டு வயது முதல் பன்னிரண்டு வரை என்று போட்டிருந்தது. ரித்விக்குக்கு அப்போதே பதினைந்து முடிந்துவிட்டது. வாங்கிய பொருள் வீணாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். பிரித்தேன். மூன்று நாளில் தீயணைப்பு வண்டியைக் கட்டி முடித்தேன். அதைக் கலைத்து வேறொன்று கட்டினேன். அப்புறம் நம் தெருமுனைத் தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்து என் சொந்த யோசனையிலேயே ஒன்று கட்டினேன். பெட்டியில் இருந்த சிவப்புக் கட்டைகள் போதவில்லை. எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோதுதான் இந்த ஊரில் பெரியவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறார்கள். ஆளுக்கொரு வடிவத்தைச் சொந்தமாக யோசித்துக் கட்டிக் கொண்டுவருவார்கள். எந்தக் கட்டை எத்தனை, எதன்மேல் எது என்று செய்முறைத் தாள் எழுதி எல்லோருக்கும் கொடுப்பார்கள். யாருடைய யோசனையோ அவர் பெயர் தாளின் தலைப்பில் இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டக் கூடாது, கட்டையை அறுக்கக் கூடாது. இப்படி ஒழுங்கான மனிதர்களை நான் பள்ளியை விட்ட பிறகு பார்த்ததே இல்லை.

அவர்கள் கூடிய இடத்தில் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் மேசைக்குப் பன்னிரண்டு நாற்காலி இருக்கிறது, இங்கே வாருங்கள் என்றேன். ஏப்ரலிலிருந்து இங்கேதான் நடக்கிறது. பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் சபரீஷ், குனியமுத்தூரில் பல் மருத்துவம் பார்க்கும் யுஸ்ரா, காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை செய்யும் பிரவின்குமார், இன்னும் நான்கு பேர். இறுகிப்போன சின்னக் கட்டைகளைப் பிரிக்க யுஸ்ரா பல் நோண்டும் கொக்கியைக் கொண்டுவருவார். நன்றாகக் கழுவியதுதானா என்று முதல் நாளே கேட்டேன். 'உங்க வாயில வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுங்கம்மா' என்றார்.

பிரவின்குமார் காங்கேயம் காளையைத் திமிலோடு கட்டியிருக்கிறார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது கண்டக்டர், 'ஏனுங்க, காளைக்கு அரை டிக்கெட் போட்டுறட்டுங்களா?' என்று கேட்டாராம். 'மடியிலதானுங்க இருக்குது, கன்னுக்குட்டின்னு நெனச்சு உட்ருங்க' என்றிருக்கிறார் இவர். இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அன்று இங்கே வந்த அத்தை அதைத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எனக்கு மூச்சுத் திணறல் என்று உனக்குப் போன் செய்தாள்.

யார் யாரோ நடுவீட்டுக்குள் வந்து போகிறார்கள் என்றும் அவள் சொல்லியிருப்பாள். யார் யாரோ இல்லை. அவள் சொல்வது பிரவின்குமாரை. நம் தோட்டத்தில் வேலை செய்த ஐயாசாமியின் பேரன் அவர். ஐயாசாமி இந்த வீட்டுக்குத் தேங்காய் மூட்டை கொண்டுவந்தால் பின்வாசலோடு நிற்பார். நிற்க வைத்தது நாங்கள்தான், நானும் சேர்த்து. இவர் வந்த முதல் நாள், 'எங்க தாத்தன் உங்க தோட்டத்துலதானுங்க இருந்தாங்க' என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நான் உன் அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில்தான் உட்காருகிறார். 'ஏனுங்க அண்ணி, யாரை எங்க உக்கார வெக்கறதுன்னு ஒரு மொறை இல்லீங்களா?' என்று அத்தை என்னிடம் கேட்டாள். முறை இருக்கிறது, பத்து மணிக்கு வருகிறவர்கள் உட்காரலாம், நீயும் வந்தால் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்றேன்.

இப்போது அந்த முதியோர் குடியிருப்பு.

நீ அனுப்பிய விண்ணப்பமும் வழவழ தாளில் அச்சடித்த புத்தகமும் செப்டம்பரில் வந்தன. டிசம்பர் பதினைந்துக்குள் கையெழுத்துப் போடு, வீட்டை ஒப்படைப்பதை ஆள் வைத்து முடித்துக்கொள்கிறேன், நான் வர வேண்டிய அவசியம் இல்லை என்று போனில் சொன்னாய். நான் உடனே மறுக்கவில்லை. படிக்காமல் கையெழுத்தும் போடக் கூடாது, படிக்காமல் மறுக்கவும் கூடாது. பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு அதைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகத்தில் எனக்கென்று குறித்திருந்த அறையின் அளவு ஒன்பதுக்குப் பத்தடி. படத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே கட்டிப் பார்த்தேன்.

கட்டையின் தலையில் உருண்டையாகக் குமிழ் இருக்கும் அல்லவா, ஒரு குமிழுக்கு அரையடி என்று கணக்கு வைத்தேன். பதினெட்டுக்கு இருபது குமிழ். அதே அளவில் அவர்கள் தரும் கட்டில், அலமாரி, எழுதும் மேசை, ஒரு நாற்காலி, இரண்டு கதவுகள். அவர்களுடைய சாமான்களை மாற்றக் கூடாது, சக்கர நாற்காலி திரும்ப நடுவில் ஐந்தடி வட்டம் காலியாக இருக்க வேண்டும் என்பவை விதிகள். எல்லாவற்றையும் வைத்த பிறகு அலமாரிக் கதவு கட்டிலில் இடித்தது. படம் எடுத்து, 'புடவை எடுக்க நான் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டுமா?' என்று எழுதி உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாய்.

அந்தப் படம் தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். செய்முறைத் தாளை என் பெயர் போட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். மூன்று பேர் தங்கள் வீட்டில் கட்டியும் விட்டார்கள். முந்தாநாள் ஞாயிறு சபரீஷ் என்னுடையதைக் கையில் எடுத்து நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு, 'தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, சுவத்த உள்ளார கட்டிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க' என்றார். அவர் சொன்னது சரி. பதினெட்டுக்கு இருபது குமிழை எண்ணிவிட்டு, அதன் விளிம்பிலேயே சுவரை எழுப்பியிருந்தேன். சுவர் ஒரு குமிழ் கனம். பக்கத்துக்கு அரையடி, எதிர்ப்பக்கமும் சேர்த்தால் ஓரடி. ஒன்பதுக்குப் பத்து என்று சொல்லிவிட்டு எட்டுக்கு ஒன்பதில் ஓர் அறையைக் கட்டி, அது சின்னது என்று குறை சொல்லியிருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தவற்றை ஒருமுறை செய்வார்களாம். யுஸ்ரா ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, புதிய தாள் தேவைப்பட்டது. அங்கேயே உட்கார்ந்து அறையைக் கலைத்து, சுவரை வெளியே தள்ளிக் கட்டினேன். திருத்திய தாளை அன்றே எல்லோருக்கும் கொடுத்து, பழையதைக் கிழிக்கச் சொன்னேன்.

புதிய அறையில் அலமாரி முழுதாகத் திறக்கிறது. நாற்காலியைப் பின்னால் இழுக்க முடிகிறது. குளியலறைக் கதவும் இடிக்கவில்லை. அந்த அறையில் ஒருத்தி வசிக்கலாம். எனக்குப் பிடிக்காவிட்டாலும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

வைக்க முடியாதது ஒன்றே ஒன்று. இரண்டாவது நாற்காலி.

அதை நான் பதினோரு விதமாக வைத்துப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் வைத்தால் வாசல் கதவு பாதிதான் திறக்கிறது. ஜன்னலோரம் வைத்தால் அலமாரிக்குப் போக வழியில்லை. மூலையில் திணித்தால் நாற்காலி இருக்கும், உட்காருகிறவர் காலை எங்கே வைப்பது? சபரீஷ் கணினியில் போட்டுப் பார்த்தார். பிரவின்குமார் கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, 'இது யாருக்குங்கம்மா?' என்று கேட்டார். என் மகனுக்கு என்றேன். 'அப்ப இன்னொருக்கா பாக்கலாமுங்க' என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மணி பஸ்ஸை விட்டுவிட்டார். அப்படியும் அமையவில்லை.

புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில், பார்க்க வருகிறவர்கள் கீழே பொதுக்கூடத்தில் மாலை ஆறு மணி வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. நீ அந்தப் பக்கத்தைப் படித்தாயா என்று தெரியவில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பயம் என்று நினைத்துத்தான் இதைச் செய்கிறாய் என்பது புரிகிறது. பயமில்லை. உன் அப்பா போய் ஏழு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். இந்த வருடம்தான் மேசையைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். நீ கூப்பிட்டுக் கேட்டாயே, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதா என்று, அத்தையிடம். என்னைக் கேட்டிருக்கலாம். எண்ணூறு வகைக் கட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. அதில் அந்த அறை இருக்கிறது. கட்டியபடியே அனுப்பினால் வழியில் உடையும், அதனால் பிரித்து அனுப்புகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு கட்டைகள், நான்கு பைகளில், எண் போட்டு. திருத்திய செய்முறைத் தாள் மேலே இருக்கிறது. நிதானமாகச் செய்தால் ஒரு சனிக்கிழமை போதும். சுவரை வெளியே கட்டு. அலமாரியைத் திறந்து பார், கதவுகளைத் திறந்து பார், நான் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

ஐந்தாவது பையில் ஒரு சிவப்பு நாற்காலி மட்டும் இருக்கிறது. அது தாளில் இல்லை. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. நீ கண்டுபிடித்தால் கையெழுத்துப் போடுகிறேன். கண்டுபிடிக்க முடியாவிட்டால் விண்ணப்பம் இப்போது இருக்கும் இடத்திலேயே, பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இருக்கட்டும். இங்கே மேசையில் உன் நாற்காலி வடக்குப் பார்த்து மூன்றாவது. இதுவரை அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

உனக்கும் மானசாவுக்கும் என் ஆசிகள். ரித்விக் வளர்ந்துவிட்டான் என்று தெரியும், ஆனாலும் கதவை மாட்டும்போது அவனைக் கூப்பிட்டுக்கொள். கீல் சின்னது, உன் விரலுக்கு வராது.

போன் வேண்டாம். பொம்மைப் படமும் வேண்டாம். நாற்காலியை எங்கே வைத்தாய் என்று தாளில், உன் கையால் எழுதி, தபாலில் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
பங்காரம்மா அழகிரிசாமி