ஏதேனில் இருந்த ஒரே குறை

என் அன்புச் சண்டைக்காரி அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் நாற்காலி உண்டா என்று தெரியாது. இருந்தால் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள். சொல்லப்போகிற செய்தி அப்படிப்பட்டது. நடுவில் குறுக்கே பேசாதே. பேசினாலும் எனக்குக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்போது நான் ஜெயித்துவிட்டேன்.

முதலில் வீட்டு நிலவரம். தம்போய் வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ நட்ட கறிவேப்பிலை பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் வேலியைத் தாண்டிவிட்டது. அவர் கேட்காமலே பறித்துக்கொள்கிறார், சீனப் பெருநாளுக்குக் கேட்காமலே ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறார். நான் உலு திராமிலிருந்து புதன்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன். மற்ற நாளெல்லாம் சிங்கப்பூர் வேலை, எல்லைப் பாலத்தில் ஜாம். உன் மருமகனுக்கும் அதே கதைதான். அதனால் அப்பா பெரும்பாலும் தனியாகத்தான் இருந்தார்.

தனி என்றா சொன்னேன்? நீ போன மறு வருஷமே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். முதலில் ஒரு கொழுத்த பூனை வந்தது. அது நடக்கிற தோரணையைப் பார்த்து 'டத்தோ' என்று பட்டம் கொடுத்தார். பிறகு ஒரு ஒல்லிப் பூனை. காலையில் வாசலில் வந்து நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகுமாம். ரப்பர் தோட்டத்தில் பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்க்கிற கிளார்க் மாதிரி இருக்கிறதென்று அதற்குக் 'கிராணி' என்று பெயர். பிறகு ஒரு ஜோடிக் குருவி. பிறகு உன் தையல் மெஷின் இருந்த இடத்தில் ஒரு மீன் தொட்டி. கத்தாதே, மெஷின் பத்திரமாக என் வீட்டில் இருக்கிறது.

"டத்தோ ரெண்டு வேளையா சாப்பிடலமா, கிராணிகூட சண்டை" என்று வேலை நேரத்தில் போன் வரும்.

"ஏம்ப்பா, தம்போயில பேழை கட்டுறீங்களா? மழை வரப்போவுதுன்னு ஆண்டவர் ஏதும் சொன்னாரா?" என்று நானும் கிண்டல் செய்வேன். சிரிப்பார். போனை மட்டும் வைக்க மாட்டார். வேறு பேச்சு இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பார். எனக்கு அப்போது அது புரியவில்லை, பாஸ் பார்க்கிறாரே என்ற கவலைதான்.

சரி, செய்திக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை இருவருக்கும் பால் ஊற்றாத தே ஓ கலக்கினேன். "எனக்குச் சீனி வேணாம்மா" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷம் நீ தொண்டை கிழியக் கத்தியும் குறையாத சீனி அது!

"யாரு சொன்னா சீனி வேணாம்னு?"

"எஸ்தர் சிஸ்டர்தான்."

எஸ்தர் ஆன்ட்டியை உனக்குத் தெரியாது. சிகாமட்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும், இனி முடியாது என்று தம்போய்க்கு வந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். நம் சர்ச்சில் வாசல் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்காருவார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து அவருக்கு பஸ் கிடைப்பதில்லை என்று அப்பா காரில் கொண்டுபோய் விடுவார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "கிரேஸ், ஒன்னு கேக்கணும்மா. எஸ்தரைக் கல்யாணம் கட்டிக்கலாம்னு இருக்கேன். நீ சரின்னு சொன்னாத்தான் பாஸ்டர்கிட்ட சபையில கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வேன். வேணாம்னு சொல்லிட்டா இத்தோட விட்டுருவேன். அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது."

"அலமாக்! அப்பா, உங்களுக்கு வயசு எழுவது!"

"வயசு எனக்குத் தெரியும்மா. வீட்டுல பேசறதுக்கு ஆளு இல்ல, அதான்."

"ஏன், ஆண்டவர் கூட இருக்காருல்ல? ஜெபம் பண்ணுங்க. அவரைவிட என்ன பெரிய துணை வேணும்?"

அம்மா, சர்ச்சில் வளர்ந்த நமக்கு இந்தப் பதில் எப்போதும் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். யார் அழுதாலும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்பா எழுந்துபோய் மீனுக்குத் தீனி போட்டார். நான் காரில் ஏறி உலு திராம் போய்ச் சேரும்வரை அழுதேன். யாரோ ஒருத்தி உன் அடுப்படியில் நின்று உன் கரண்டியைப் பிடிப்பாள் என்று நினைக்கவே பொறுக்கவில்லை. உன்னை இரண்டாம் தடவை புதைக்கச் சொல்கிறார் என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தில் பேச வேண்டிய முறை எனக்கு. கொடுத்திருந்த தலைப்பு படைப்பு. தெரிந்த கதைதானே, கண்ணை மூடிக்கொண்டு பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வேதத்தைத் திறந்து முதல் இரண்டு அதிகாரத்தையும் வாசித்தேன். ஆண்டவர் வெளிச்சத்தைப் பார்த்து நல்லது என்கிறார். நிலத்தை, மரத்தை, மீனை, பறவையை, எல்லாவற்றையும் பார்த்து நல்லது நல்லது என்றே சொல்லிக்கொண்டு வருகிறார். மனுஷனையும் படைத்து முடித்த பிறகு மிகவும் நல்லது என்கிறார். அடுத்த அதிகாரத்தில் அதே மனுஷனைக் கிட்டே போய்ப் பார்க்கிறோம். அங்கேதான் முதல் தடவையாக ஒன்று நல்லதல்ல என்கிறார். மனுஷன் தனியாக இருப்பது.

எத்தனை தரம் வாசித்த பக்கம் அது! அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதைச் சொல்லும்போது பாம்பு இன்னும் வரவில்லை. பழத்தை யாரும் தொடவில்லை. பாவம் என்ற பேச்சே இல்லை. ஆண்டவர் வேறெங்கோ இருந்தார் என்றும் சொல்ல முடியாது. தம் கையால் மண்ணைப் பிசைந்து, மூக்கில் ஊதி, அந்த ஆளைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, மனுஷனுக்கு மட்டும் கையை அழுக்காக்கிக்கொண்டார். அவ்வளவு நெருக்கத்தில் இருந்தவர்தான் சொல்கிறார், இவனுக்கு என்னைத் தவிர இன்னொரு ஆளும் வேண்டும் என்று.

'நான் இருக்கிறேனே, போதாதா' என்று ஆண்டவரே தமக்காகப் பேசாத பேச்சை நான் அப்பாவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறேன், அம்மா.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? மிருகங்களையும் பறவைகளையும் ஒவ்வொன்றாக ஆதாமிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆதாம் உட்கார்ந்து பெயர் வைக்கிறான். எல்லாவற்றுக்கும் வைத்து முடித்த பிறகும் அவனுக்கு ஏற்ற துணை கிடைக்கவில்லை. டத்தோ! கிராணி! குருவி! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. உன் மருமகன் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று பதறினார். அன்றே தம்போய்க்குக் காரை விட்டேன்.

அப்பா மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை பாசி.

"அப்பா, பாஸ்டர்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான். மறுபடி கேட்டா மனசு மாறிடுவேன்."

பாசிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "உங்கம்மா கோவிச்சுக்குவாளா?"

"கண்டிப்பா கோவிச்சுக்கும். ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அப்புறம், சாப்பிட்டீங்களான்னு கேக்கும்."

சரியாகத்தானே சொன்னேன்? பரலோகத்தில் கல்யாணம் என்பதே கிடையாது என்று இயேசு சொல்லியிருக்கிறார். அப்படியானால் உனக்குப் பொறாமையும் இருக்காது. இல்லை, கொஞ்சூண்டு இருக்குமா? பக்கத்து வீட்டு சம்பாலை அப்பா ஒருநாள் புகழ்ந்ததற்கே வாரம் பூராவும் அவருக்கு ரசம் ஊற்றியவள் நீ.

முதல் ஓலை போன ஞாயிறு வாசித்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்கள் பெயரைச் சபையில் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார்கள். அந்த நேரத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். பாஸ்டர் அப்பா பெயரையும் ஆன்ட்டி பெயரையும் வாசித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி கடைசிப் பெஞ்சில் ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்து தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பாஸ்டர் தடை இருந்தால் சொல்லலாம் என்று சொல்லி வாய் மூடவும், நான் சட்டென்று எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது.

சர்ச்சே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, "சிஸ்டர் கிரேஸ்... தடை ஏதாச்சும்...?" என்றார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. "ஐயையோ, இல்லங்க பாஸ்டர்! தடையெல்லாம் ஒன்னுமில்ல. அவங்க தனியா உக்காந்திருக்காங்க, கூட்டிட்டு வரலாம்னுதான் எந்திரிச்சேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் பின்னால் போய்க் கையை நீட்டினேன். "வேணாம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் ஆன்ட்டி. "பாக்கட்டும்லா, வாங்க" என்று அழைத்துவந்து எங்கள் பெஞ்சில் உட்காரவைத்தேன். 

ஆராதனை முடிந்து பீஹூன் சாப்பிடும்போது ஆன்ட்டி என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். கல்யாணத்தன்று கைபிடித்துக் கூட்டிவர அவருக்கு அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லையாம். "நானே நடந்து வந்துடறேம்மா, அது பரவாயில்ல" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதேன் தோட்டத்தில் அந்த முதல் பெண்ணும் தானாக நடந்து வரவில்லை, அம்மா. ஆண்டவரே அவளை மனுஷனிடம் கொண்டுவந்தார் என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. இன்றைக்கு நான் இருக்கிறேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆன்ட்டியை நான்தான் கூட்டிவருவேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்போம். அப்பா கையில் அவர் கையைச் சிரித்த முகத்தோடுதான் வைப்பேன். அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கும். அப்போது மட்டும் கொஞ்சம் வந்து பிடித்துக்கொள்.

வாய் உன்னுடையது, மூக்கு அப்பாவுடையது என்று ஊரே சொல்லும்
உங்கள் ஒரே மகள்,
கிரேஸ்